ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருணியின் தென்கரையைப் பலப்படுத்துதல், வரத்துக்காலைத் தூர்வாருதல், படித்துறையைச் சீர்செய்தல் என நாம் எடுத்துக்கொண்ட மூன்று வேலைகளும் அக்டோபர் 2ஆம் நாள் நிறைவடைந்தன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றவும் வண்டலை அள்ளவும் ஆன இயந்திர வாடகை உங்கள் நன்கொடையிலிருந்து கொடுக்கப்பட்டது. மற்ற உழைப்பில் பெரும்பகுதி, ஏழு நாள் சிறப்பு முகாமாக வந்து தங்கிய நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர் ஐம்பது பேருடையது. வரவு செலவுக் கணக்கும் பற்றுச்சீட்டுகளும் பொருளாளரிடம் உள்ளன. உறுப்பினர் எவரும் பார்வையிடலாம்.

மண் அள்ள வந்த பிள்ளைகளுக்கு அரசுப் பணம் எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். அதற்கு விடை சொல்லும் கடமை குழுவுக்கு உண்டு. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். முன்பு மைய, மாநில அரசுகள் 7க்கு 5 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்ட செலவை 2016 முதல் மைய அரசே ஏற்கிறது. முகாமுக்கு மாணவர் ஒருவருக்கு 450 ரூபாய் என்பதே பல ஆண்டுகள் வரம்பாக இருந்தது. நாளொன்றுக்கு 65 ரூபாய்கூட வராத அத்தொகையைக் கொண்டு இத்தனை காலம் முகாம்கள் நடந்தன என்பதே எங்களுக்கு வியப்பளிக்கிறது.

அந்தப் பணத்துக்கு ஊர் பெற்றது கரை மட்டுமன்று. மூன்றாம் நாள் காலை கிராம நிர்வாக அலுவலர் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் எல்லை காட்டும் புலப்படத்தையும் கொண்டுவந்து விரித்தார். மாணவர்கள் நாடா பிடித்து அளந்து போனபோது, கிழக்குக் கரையில் புதருக்குள் மறைந்திருந்த எல்லைக்கல் ஒன்று தென்பட்டது. மம்பட்டியைக் கீழே வைத்த ஒரு மாணவி, "ஐயா, இதை யாராவது வளைத்துக்கொண்டால் எங்கே போய்ச் சொல்வது?" என்று கேட்டார். அன்று மாலை சாவடியில் நடந்த வகுப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையாகவே அமைந்தது: 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், கிராம சபையின் அதிகாரம், ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள நம் போன்ற ஊராட்சிக்கு கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகையான குறைவெண் நூறு பேர் என்னும் விதி. கிராம சபை வருகைப் பதிவேடு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவந்த வழக்கம் நம் ஊரில் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. மாணவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று அழைத்ததால், முகாமின் கடைசி நாளான அக்டோபர் 2 அன்று கூடிய கிராம சபையில் குறைவெண்ணுக்கு வேண்டிய நூறு பேரும் நேரில் வந்தே கையெழுத்திட்டார்கள். நம் ஊரில் வாக்குரிமை இல்லாததால் மாணவர்கள் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். பதினெட்டு நிறைந்த நம் ஊர்ப் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நிரப்ப உதவியவர்களும் அவர்களே.

ஒரு குறையையும் பதிவுசெய்கிறோம். முகாம் தொகை வந்து சேராததால் அரிசிக்கும் காய்கறிக்கும் திட்ட அலுவலர் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்தார். அடுத்த தலைமுறைக்குக் குடியுரிமைப் பாடம் சொல்ல ஒதுக்கும் பணம், அடுப்பு மூட்டும் முன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குக் குழு கடிதம் எழுதியுள்ளது.

சாலைக்கு அடியில் வரத்துக்கால் செல்லும் குழாய்ப்பாலம் அடைபட்டே உள்ளது. அதை மாற்றித்தரக் கோரும் தீர்மானம் கிராம சபையில் நிறைவேறியுள்ளது. ஜனவரி 26 கூட்டத்தில் அதன் நிலையைக் கேட்க மாணவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உறுப்பினர்கள் தவறாமல் வந்திருக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழு