.22 ரைபிள் வாங்கக் கிளம்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எங்கள் கடைக்கு வரும் போன்களின் ரகமே மாறிவிட்டது. அதுவரை 10 மீட்டர் ஏர் ரைபிள் விலை கேட்டவர்கள் இப்போது "பாயிண்ட் டூ டூவில் எது நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதாவது 50 மீட்டர் போட்டிக்கான, .22 அங்குலக் குழல் கொண்ட ரைபிள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறோம்.

முதலில் கசப்பான விஷயம். ஏர் ரைபிள் வாங்குகிற மாதிரி இதை வாங்கிவிட முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள், எங்களிடமும்கூட. அதுவரை கிளப் ரைபிளில் சுடுங்கள். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு வருஷம் கிளப் ரைபிளோடு மல்லுக்கட்டியவருக்குத் தன் உடம்புக்கு எது ஒத்துவராது என்பதாவது தெரிந்திருக்கும். அந்த ஞானத்தை நாங்கள் விற்க முடியாது.

அடுத்து எல்லோரும் கேட்பது, டெலஸ்கோப் போட்டுக்கொள்ளலாமா என்று. போட்டியில் கூடாது. பின்னால் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட், முன்னால் ஒரு வளையம், தூரத்தில் 112.4 மி.மீ. கறுப்பு வட்டம், அவ்வளவுதான். தாத்தா காலத்து ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். நெற்றிப் பொட்டு துளி தள்ளியிருந்தாலும் எதிரில் இருப்பவர் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது அல்லவா? வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா என்பதையும் கண் அப்படித்தான் தானாகக் கண்டுபிடிக்கும்.

அந்தத் துளி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 0.1 மி.மீ. விலகினால், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அளவுக்கு விலகினால், 50 மீட்டரில் குண்டு ஐந்தரை மி.மீ. தள்ளிப் போகும். பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலும் பத்து என்பதால் ஒரு தாள் வரை தப்பிக்கலாம், ஒன்றரைத் தாள் என்றால் ஒன்பது. அதனால் பின் சைட்டுக்குக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள். சைட்டை நகர்த்தும் திருகின் கிளிக் ஒவ்வொன்றும் ஒரே அளவு நகர வேண்டும். வலப்பக்கம் பத்து கிளிக் போய், திரும்பப் பத்து வந்தால் குரூப், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம், பழைய இடத்திலேயே விழ வேண்டும். ஏற்கெனவே நல்ல ஏர் ரைபிள் சைட் வைத்திருந்தால் கொண்டு வாருங்கள். சைட்டைப் பொருத்தும் 11 மி.மீ. பள்ளம் இரண்டு வகை ரைபிளுக்கும் பொதுவாக இருப்பதால் பெரும்பாலும் பொருந்திவிடும், உயரம்தான் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

முன் வளையம் சின்னதாக இருந்தால் குறி கச்சிதமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. போன மாதம் கல்லூரி மாணவர் ஒருவர், கிளப் ரைபிளில் மூன்று மாதமாகக் குரூப் சேரவே இல்லை, பேரல் (குழல்) போய்விட்டது என்று புலம்பிக்கொண்டு வந்தார். முன் சைட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 3.2 மி.மீ. வளையம். கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் அந்த இடத்தில், 50 மீட்டர் கறுப்பு வட்டம் ஏறக்குறைய 2.25 மி.மீ. அகலமாகத் தெரியும். சுற்றிலும் அரை மில்லி வெள்ளைகூட மிச்சமில்லை. வட்டம் கொஞ்சம் ஆடினாலே வளையத்தை உரசுகிற மாதிரி தெரியும், கண் பயந்துபோய் விரலைப் பிடித்துக்கொள்ளும். 4.0 போட்டுக் கொடுத்து அனுப்பினோம். பேரல் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

இனி ரைபிளின் கட்டை, அதாவது ஸ்டாக். 8 கிலோ வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காக 8 கிலோ தூக்க வேண்டியதில்லை. இந்தத் தவறை நாங்களே செய்திருக்கிறோம். ஒல்லியான ஒரு தம்பிக்கு ஏழு கிலோவுக்கு மேல் வரும் அலுமினிய ஸ்டாக் ரைபிளை விற்றோம். படுத்துச் சுடும்போது பாறை மாதிரி நின்றது. நின்று சுடும்போது இருபதாவது குண்டுக்குள் இடுப்பு விட்டுப்போனது. மூன்று நிலையும் சுடுகிறவர் என்றால் எடை இடது கைக்குப் பக்கத்தில் விழுகிறதா, தோளில் பதியும் பட் பிளேட்டை ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் பொருத்திக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்தால் தலையை அசைக்காமலே துளையின் நடுவில் பார்வை விழ வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்த ரைபிள் இன்னும் உங்களுடையதாகவில்லை.

கம்பெனிப் பெயருக்கு வருவோம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எல்லாம் நல்லவைதான். ஆனாலும் முதல் ரைபிளுக்கு எங்கள் ஓட்டு, நன்றாகப் பராமரித்த பழைய அன்ஷூட்ஸுக்கு. 1907 மாடல் ஆனாலும் 1913 மாடல் ஆனாலும், தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி அதே 54 ஆக்‌ஷன். உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டாம். சின்ன உடம்புக்காரருக்கு 64 ஆக்‌ஷன் போதும், எடையும் குறைவு. பழையது வாங்கும்போது மர ஸ்டாக்கின் கீறலை விட்டுவிடுங்கள். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா, உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊரிலிருந்து வரும் துப்பாக்கி என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

மிச்சப்படும் பணம் தோட்டாவுக்கு. பெட்டியில் ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினால் உங்கள் குழலில் குரூப்பும் மாறும். ஏன் என்று குழலைக் கேட்டால் சொல்லாது. நாலைந்து லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பத்துப் பத்தாகச் சுட்டு, சேர்கிற லாட்டில் மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த தோட்டாவை நடுத்தர விலைத் தோட்டா ஜெயிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், குண்டின் மேல் பூசிய மெழுகு இளகிவிடும்.

கோவைப் பக்கத்தில் சுடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ரேஞ்சுக்குப் போய்க் குரூப் பார்த்துவிட்டு ரைபிள் சரியில்லை என்று எங்களுக்குப் போன் செய்யாதீர்கள். காற்று விழுந்த ஒரு காலை நேரத்தில் மறுபடி சுட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பார்க்க வருகிறவர்கள் உரிமத்தின் நகலோடு உங்கள் ஷூட்டிங் ஜாக்கெட்டையும் எடுத்து வாருங்கள். சட்டையோடு அளந்த பட் பிளேட் ஜாக்கெட் போட்டதும் நீளமாகிவிடும்.

இப்படிக்கு,
கடையிலிருந்து