நிறுத்தும் நாளில் என்ன மிஞ்சும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுவதா, ஒரே விலையாகக் கொடுத்து வாங்கிவிடுவதா என்று அலசிய உங்கள் கட்டுரை, இரண்டு விலையையும் கூட்டிக் கழித்துக் காட்டியதோடு நின்றுவிட்டது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் கேட்க வேண்டியவை வேறு. பணம் கட்டுவதை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? புது கேமரா வாங்கினால் பழைய மென்பொருள் அதன் படத்தைத் திறக்குமா?

ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைப்பவர்கள், அடோபி நிறுவனத்தின் போட்டோ எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் 6-இன் கதையைப் பார்க்கலாம். 2015 ஏப்ரலில் ஏறத்தாழ 150 டாலருக்கு வந்தது. 2017 டிசம்பரில் 6.14 பதிப்போடு அடோபி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மென்பொருள் அன்றே சாகவில்லை, ஒவ்வொன்றாகக் கழன்றது. 2018 நவம்பரோடு படம் எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் மேப் பகுதி நின்றது. 2019-இல் மேக் கணினிகளுக்கு வந்த கேட்டலினா இயங்குதளம் பழைய வகையான 32-பிட் நிரல்களை ஏற்காததால் அதன் இன்ஸ்டாலரே ஓடவில்லை. 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்த கேனான் இஓஎஸ் ஆர் கேமரா எழுதும் சிஆர்3 என்ற ரா கோப்பை, அதாவது பதப்படுத்தாத மூலப் படத்தை, அதற்குப் படிக்கவே தெரியாது.

கடைசிச் சிக்கலுக்கு மட்டும் வழி உண்டு. அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் புது கேமராவின் ரா கோப்புகளை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய லைட்ரூம் திறந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்: கன்வெர்ட்டரின் பிரிஃபரன்ஸ் பகுதியில், எந்தப் பழைய பதிப்பு வரை திறக்க வேண்டும் என்று சொல்லும் கம்பாட்டிபிலிட்டியை 'கேமரா ரா 7.1' என்று மாற்றாமல், இருக்கும் புதிய அமைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி வரும் டிஎன்ஜியைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். இன்று ஒரே விலைக்குக் கிடைக்கும் மற்றவற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான். கேப்சர் ஒன் மென்பொருளை மொத்த விலைக்கு வாங்குபவருக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பிழைத்திருத்தம் மட்டுமே, புது வசதிகள் கிடையாது. போட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2025 பதிப்போ மூன்றாண்டு உரிமம்தான். கெடு முடிந்தால் எடிட்டர் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை பணம் கட்டுவதாலேயே அது சொந்தமாகிவிடாது.

சந்தாவின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் மாதம் 10 டாலராக இருந்த அடோபியின் 20 ஜிபி போட்டோகிராபி சந்தாத் திட்டம், 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. மாதந்தோறும் கட்டிவந்த பழையவர்களுக்கு 15 டாலர் ஆனது. விலை ஏறுவதை விட ஒப்பந்தம்தான் அதிகம் கடிக்கும். 'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை' என்பதைப் பலர் மாதச் சந்தா என்றே நினைக்கிறார்கள். முதல் 14 நாள் கழித்து விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். 15 டாலர் கட்டுபவர் நான்கு மாதத்தில் விலகினால் மீதி எட்டு மாதத்துக்கு 120, அதில் பாதி 60 டாலர். இந்தக் கட்டணத்தை மறைத்து விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது.

நம் ஊரில் இன்னொன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரையிலான தானியங்கிப் பிடித்தம் ஓடிபி கேட்காமலே நடக்கும். 24 மணி நேரம் முன்னதாகக் குறுஞ்செய்தி வரும், யார் படிக்கிறார்கள்! வங்கியில் ஆட்டோபேயை நிறுத்தினாலே சந்தா ரத்தாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. முதலில் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் ரத்து செய்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகவும்.

சந்தா நின்றால் படங்கள் பறிபோகும் என்ற பயம் மட்டும் தேவையற்றது. சந்தாவில் வரும் லைட்ரூம் கிளாசிக் அதன்பின்னும் திறக்கும், படங்களைத் தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். படத்தைத் திருத்தும் டெவலப், மேப் இரண்டும்தான் பூட்டப்படும். உண்மையான இழப்பு வேறு. செய்த திருத்தங்கள் வெறும் குறிப்புகள், அவற்றில் பெரும்பகுதி வேறு மென்பொருளுக்குப் புரியாது. ஆகவே விலகுமுன் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். நட்சத்திர மதிப்பும் குறிச்சொற்களும் கோப்போடு, அல்லது பக்கத்திலுள்ள எக்ஸ்எம்பி என்ற சிறு குறிப்புக் கோப்பில், பதிவாகும். நான்கு நட்சத்திரத்துக்கு மேலுள்ளவற்றை மட்டும் திருத்தங்களோடு சேர்த்து, தரம் குறையாத 16-பிட் டிஃப் கோப்பாக எடுங்கள். 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் ஒன்று 144 எம்பி வரும் என்பதால் எல்லாவற்றையும் அப்படி எடுக்க ஹார்ட் டிஸ்க் தாங்காது.

ஆண்டுக்குச் சில நூறு படம் எடுப்பவருக்குச் சந்தா, ஒரே விலை இரண்டுமே வேண்டாம் என்பேன். நிகானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் இரண்டும் அந்தந்த கேமராக்காரருக்கு இலவசம், கேமராவின் நிறத்தை அப்படியே காட்டும். அதைத் தாண்டினால் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள். அதில் திறந்ததும் படம் சப்பென்று தெரியும். கேமரா தன் ஜேபெக்கில் போடும், ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டும் டோன் வளைவு ராவில் இல்லை, அவ்வளவுதான். முதலில் எக்ஸ்போஷரைச் சரிசெய்யுங்கள். ஃபில்மிக், பேஸ் கர்வ் இரண்டுமே அந்த வளைவைத் தரும் கருவிகள் என்பதால், ஒன்று இருக்கும்போதே மற்றதையும் போட்டு இரட்டிப்பாக்க வேண்டாம். முகம், பின்னணி என்று அடுக்கடுக்காக வேலை செய்பவருக்கு 2025 அக்டோபர் முதல் இலவசமாகிவிட்ட அஃபினிட்டி இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தும் கேட்டலாக் அதில் கிடையாது.

வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் படம் திருத்துபவருக்குச் சந்தா நியாயம். படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் ஏஐ டினாய்ஸ் பொத்தானுக்காக மட்டுமே கட்டப்போகிறவர், ஏழு நாள் சோதனையில் தன் லேப்டாப்பிலேயே மங்கிய ஒளியில் எடுத்த ஒரு ஐஎஸ்ஓ 6400 ரா படத்தை ஓட்டி நேரம் பார்க்கட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகலாம். ஏழு நாள் முடிவதற்குள் ரத்து செய்யாவிட்டால் பணம் பிடிக்கப்படும்.

இப்படிக்கு,
புகைப்பட ஆர்வலர், திருச்சி