செயலாளர் ஆண்டறிக்கை: 2025

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் நல்லபடியாக நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது லேஆஃப், அதாவது ஆட்குறைப்பு பற்றி. எடிசன் வட்டாரத்தில் நம் வீடுகள் பலவற்றில் இந்த ஆண்டு வேலை போயிருக்கிறது, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம்கூட இன்னும் சொல்லாதவர்கள் உண்டு.

போன் செய்தவர்கள் பெரும்பாலும் கேட்டது, முன்கூட்டியே சொல்லாமல் இப்படி அனுப்பலாமா என்றுதான். அமெரிக்கா முழுவதுக்குமான வார்ன் சட்டம் 1988இல் வந்தது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நம் நியூ ஜெர்சியில் 2023 ஏப்ரல் 10 முதல் அது 90 நாள். அப்படிப்பட்ட நிறுவனம் மாநிலத்துக்குள் 50 பேரை நீக்கினாலே இந்த மாநிலச் சட்டம் பொருந்தும், அதுமட்டுமல்ல, வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுத்தே ஆக வேண்டும், நோட்டீஸ் 90 நாளுக்குக் குறைந்தால் அதற்கு மேல் இன்னும் நான்கு வாரச் சம்பளம்.

இந்த இழப்பீடு சலுகை இல்லை, உரிமை. தொழிலாளர் துறை ஆணையரோ நீதிமன்றமோ ஒப்புதல் தராமல் அதை விட்டுக்கொடுத்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆகவே "இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று காகிதத்தை நீட்டினால் தயவுசெய்து வீட்டுக்கு எடுத்து வந்து, வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் இன்னும் முக்கியம். வேலை முடிந்த பிறகு நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள், ஐ-94 (நாட்டில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். எந்தத் தேதிக்குச் சம்பளம் கடைசியாகத் தரப்படுகிறதோ அதை வைத்துத்தான் வழக்கமாக இந்தக் கணக்கு தொடங்கும். நம் உறுப்பினர் ஒருவருக்கு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து அன்றே கணக்கை முடித்துவிட்டார்கள், பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். அந்தப் பணம் நோட்டீஸ் காலத்துக்கு ஈடாகுமா? சம்பளப் பட்டியலில் பெயர் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நிதானமாக வேறு வேலை தேடியிருக்கலாம். அதனால் கடைசித் தேதி எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாநிலத் தொழிலாளர் துறை வார்ன் நோட்டீஸ்களை இணையத்தில் வெளியிடுகிறது, அவ்வப்போது பாருங்கள். வரும் ஆண்டில் வேலைச் சட்ட வக்கீல் ஒருவரையும் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் அழைத்துக் கூட்டம் நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது, அதற்கான செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

நன்றி.
செயலாளர்