ஃபுல்மர் போயாச்சு, புது ஆள் வந்தாச்சு

நாக்ஸ்வில்
24 ஜனவரி 2021

அன்புள்ள முரளி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பாண்டி சொன்னான், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், தடுப்பூசி முறைதான் இன்னும் வரவில்லை. மற்றதெல்லாம் பிறகு. இந்த வாரம் நடந்ததை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

திங்கட்கிழமை நம்ம டென்னசி பல்கலைக்கழகத்துச் சான்ஸலர் பிளவுமன், அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைக் கோச் ப்ரூயிட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூடவே இரண்டு உதவிக் கோச்சுகளும் ஃபுட்பால் அலுவலகத்தில் ஏழு பேரும் காலி. ஆட்டக்காரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று விசாரணை. அதே நாளில் நம்ம பழைய கோச் ஃபுல்மரும் ஏ.டி. (பல்கலைக்கழகத்து எல்லா விளையாட்டு அணிகளுக்கும் தலைவரான அத்லெடிக் டைரக்டர்) பதவியிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை புது ஏ.டி. வந்தாச்சு. டேனி வைட், வயது 41, ஆர்லாண்டோவில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஏ.டி.யாக இருந்தவர். ஐந்து வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 18 லட்சம் டாலர்.

நீ இப்போது எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஃபுல்மர் என்றால் உனக்குச் சாமி. 1998 செப்டம்பரில் ஃப்ளோரிடாவை 20-17 என்று ஜெயித்த ராத்திரி, ஜனம் கோல்போஸ்ட்டைச் சாய்த்தபோது நீ போட்ட கூச்சலுக்கு மறுநாள் உனக்குப் பேச்சே வரவில்லை. அந்த சீசனில் 13 ஆட்டமும் ஜெயித்து 13-0, தேசியச் சாம்பியன் பட்டம், கோச்சாக மொத்தம் 152 வெற்றி. அந்த மனிதரை 2008-ல் கோச் வேலையிலிருந்து அனுப்பியது எனக்கும் ஆறவில்லை. ஆனால் முரளி, நாதஸ்வரம் நன்றாக வாசிக்கிறார் என்பதற்காக ஒருவரைக் கோயில் தர்மகர்த்தாவாக உட்காரவைக்க முடியுமா? ஏ.டி. வேலை கணக்கும் ஆள் தேர்வும். எங்கேயும் தலைமைக் கோச்சாக இருந்திராத ப்ரூயிட்டை எடுத்தது அவர். போன செப்டம்பரில், சீசன் தொடங்கும் முன்பே, ஒப்பந்தத்தை நீட்டிச் சம்பளத்தையும் உயர்த்தியது அவர். சீசன் முடிவில் 3-7. விதிமீறலில் ஃபுல்மருக்குப் பங்கு உண்டென்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கோச்சைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதில் பொறுப்பு இல்லையா?

ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆபீஸில் எனக்கு அடுத்த சீட்டுக்காரருக்கு வைட் பெயரைக் கேட்டாலே எரிகிறது. "தானே பட்டம் கட்டிக்கொண்ட ஆள்" என்கிறார். 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா 13-0. ஆனாலும் பட்டத்துக்கான ப்ளேஆஃபுக்குத் தேர்வுக் குழு அவர்களைக் கூப்பிடவில்லை. வைட் நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று அறிவித்தார், கோச்சுகளுக்கு அதற்கான போனஸைக் கொடுத்தார், டிஸ்னியில் ஊர்வலமும் விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வருடம் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் ஆபர்ன் தோற்கடித்தது, அந்த ஆபர்னை இவர்கள் 34-27 என்று தோற்கடித்தார்கள். பட்டத்துக்கு மோதியதோ ஜார்ஜியாவும் அலபாமாவும்! இரண்டு வருடம் முன்பு அதே அணி 0-12. தன் பிள்ளைகளுக்காக இப்படி ஊரையே எதிர்த்து நிற்கிற ஒருவர் நமக்கு எத்தனை வருடமாக இல்லை, யோசித்துப் பார்.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நல்ல கோச்சை அடையாளம் காண்கிற அவர் கண். முன்பு பஃபலோவில் இருந்தபோது பாஸ்கெட்பால் பொறுப்பை நேட் ஓட்ஸிடம் கொடுத்தார். சில வருடம் முன்புவரை பள்ளிக்கூட அணிக்குக் கோச்சாக இருந்தவர் ஓட்ஸ். இப்போது அலபாமாவில் இருக்கிறார், இந்த மாதம் நம்மூருக்கே வந்து நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போனார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். அடுத்த கோச் யார்? வைட் ஆர்லாண்டோவிலிருந்து தன் கோச் ஹைபலையே கூட்டிவந்துவிடுவாரோ என்று இங்கே பயப்படுகிறார்கள். 12-1, அப்புறம் 10-3, அப்புறம் 6-4, வருடா வருடம் இறங்குகிறதே என்கிறார்கள். ஹைபலோ வேறு யாரோ, யாராக இருந்தாலும் சரி. வைட் தேர்ந்தெடுக்கட்டும். பணக்கார நன்கொடைக்காரர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, ரேடியோவில் கத்துகிறவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது.

2017 நவம்பர் கடைசி ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? ஷியானோவைக் கோச்சாக எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மாணவர்கள் வாசகம் எழுதும் வளாகத்துப் பாறையில் எதிர்ப்பாகப் பெயிண்ட் அடித்து, எம்.எல்.ஏ.க்கள் வரை அறிக்கை விட்டு, பொழுது சாய்வதற்குள் அந்த ஒப்பந்தம் செத்தது. நீ அன்றைக்கு ஃபோனில் குதித்தாய். அந்த வாரமே ஏ.டி. ஜான் கரி, லீச் என்ற கோச்சைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் போனவரை, திரும்பக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அன்றே ஃபுல்மர் அந்த நாற்காலிக்கு வந்தார், பின்னாலேயே ப்ரூயிட்டும். அதற்கான விலையைத்தான் இந்தத் திங்கட்கிழமை கொடுத்தோம்.

கரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராதே. எட்டு மாதம்தான் இருந்தார். அதற்குள் பேஸ்பாலுக்குக் கோச்சாக விட்டெல்லோவைக் கொண்டுவந்தார், போய்ப் பார், அந்த அணி இப்போது எப்படி நிமிர்ந்து நிற்கிறது! பெண்கள் அணிகளிடமிருந்து பிடுங்கியிருந்த 'லேடி வால்ஸ்' பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்கெட்பாலைத் தவிர மற்ற எல்லா அணிக்கும் அந்தப் பெயரை எடுத்தபோது என் மனைவி எவ்வளவு கொதித்தாள் என்று உனக்குத் தெரியும். பெண்கள் பாஸ்கெட்பால் கோச் பாட் சம்மிட் எட்டுப் பட்டம், 1098 வெற்றி என்று கட்டி எழுப்பிய பெயர் அது. நாம் இங்கே படித்த 1998-ல்தானே அவருடைய பெண்கள் 39-0! நாம் ஃபுட்பாலை மட்டுமே வைத்து ஏ.டி.யை எடைபோடுகிறோம். அதனால்தான் நமக்கு நல்லவரும் தெரிவதில்லை, கெட்டவரும் தெரிவதில்லை. வைட் வந்ததும் பெண்கள் அணிகளை என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கப்போகிறேன்.

நம்ம நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம். போன சீசனில் கொரோனாவால் கால்வாசிப் பேர்தான். அந்த வெற்று பெஞ்சுகளைவிட 3-7-தான் எனக்கு வலித்தது. கிஃபின், டூலி, பட்ச் ஜோன்ஸ், ப்ரூயிட் என்று பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொருவரையும் தோளில் தூக்கிக் கீழே போட்டாயிற்று. இந்த ஆளுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்டா. முதல் தோல்விக்கே பாறையில் பெயிண்ட் அடிக்காமல் இருக்க வேண்டும்.

சுரேஷ் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லாதே, அவர் ஃபுல்மருக்குக் கோயில் கட்டப் பணம் வசூல் பண்ணக் கிளம்பிவிடுவார். கோச் பெயர் வந்ததும் உனக்கு ஃபோன் பண்ணுகிறேன், நடுராத்திரியாக இருந்தாலும் எடு. அதற்குள் நீ ஒன்று எழுதி அனுப்பு. உன் கையில் இருந்திருந்தால் யாரை ஏ.டி.யாகப் போட்டிருப்பாய்? ஃபுல்மர் பெயரைத் தவிர வேறொரு பெயர் சொல்.

அன்புடன்,
ரவி