கரியும் உப்பும்

சென்னை,
நவம்பர் 3

அன்புள்ள மணி,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டு நலத்தை உன் தங்கை மாம்பலம் வந்தபோது சொல்லிவிட்டாள். ஏழு மாதமாக எழுதாததற்கு வழக்கமான காரணங்களை நீயே எழுதிப் படித்துக்கொள். இப்போது எழுதுவது ஒரு தப்பை ஒப்புக்கொள்வதற்காக. அண்ணி பக்கத்தில் இருந்தால் கடிதத்தை மடித்துவை. நீ சிரிக்கும் சிரிப்பில் அவர் பயந்துவிடுவார்.

ஆண்டர்சன் தெருக் கல்யாணப் பத்திரிகைக்காரர் நினைவிருக்கிறாரா? நமக்கு வாங்கிக் கொடுத்த டீயைப் பில்லில் கழித்துக்கொண்டாரே, அவரேதான். இடம் போதவில்லை என்று அச்சு வேலையைப் பின்பக்கத் தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மாற்றினார். கடையில் நாம் வைத்த பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டி, உள்போன்களை இணைக்குமே அதுதான், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான்கு எக்ஸ்டென்ஷன் அங்கே வேண்டும் என்றார். "செல்போனில் பேசக் கூடாதா?" என்று நானே கேட்டேன். "பையன்கள் செல்போனை எடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள்" என்றார். நியாயம்தான்.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மொட்டை மாடி. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, ஈரம் புகாத ஐந்து ஜோடி ஜெல்லி கேபிளைக் கம்பியில் கட்டி இழுத்தேன். ஏறி இறங்கி எழுபது மீட்டர். அரை மில்லிமீட்டர் செம்பில் எழுபது மீட்டர் போய்த் திரும்பினால் 12 ஓம் வரும். போனுக்கு அது ஒரு தூரமா? ஒரே நாளில் முடிந்தது. டயல் டோன் கணீரென்று கேட்டது. அன்று இரவு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

கடைப் பக்கம் ஒயர்கள் சேரும் க்ரோன் பெட்டியில், இடியை மண்ணுக்கு, அதாவது எர்த்துக்கு, திருப்பிவிடும் இடிதாங்கிக் குழாய்கள் போட்டேன். அச்சகப் பக்கமும் போட்டேன், ஆனால் அதற்கு எர்த் எடுத்தது சுவரிலிருந்த மூன்று முனை பிளக்கில். மீட்டர் வைத்துப் பார்த்தேனா என்று நீ கேட்பாய். பார்க்கவில்லை. போதுமா?

அக்டோபர் மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி நல்ல இடி. நேராக எதன் மேலும் விழவில்லை. காலையில் கடைக்காரர் போன் செய்தார். குரலிலேயே விஷயம் தெரிந்தது. பெட்டியைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் கார்டில் கறுப்புப் பொட்டு, அந்த வாடை வேறு. அச்சகத்தில் மூன்று போன் போய்விட்டது. பிறகுதான் அந்த பிளக்கில் மீட்டரை வைத்தேன். கரண்ட் வரும் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் எழுபது, எண்பது என்று முள் ஊசலாடியது. எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயோ எதையும் தொடாமல் நின்றுகொண்டிருக்கிறது, எத்தனை வருஷமாகவோ!

கடைக்காரரிடம் என்ன சொல்வது? "பக்கத்தில் இடி விழுந்தால் இந்தக் கட்டடத்து மண்ணிலும் அந்தக் கட்டடத்து மண்ணிலும் மின்னழுத்தம் ஒரே அளவில் ஏறாது. இரண்டு கிணற்றை ஒரு குழாயால் இணைத்த மாதிரி. ஒன்றில் தண்ணீர் குபீரென்று ஏறினால் குழாய் வழியாகத்தான் அடுத்ததற்குப் பாயும். நம் கேபிள்தான் அந்தக் குழாய்" என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பணத்தை எந்தக் கிணற்றில் தேடுவது?" என்றார். கார்டும் போன்களும் என் செலவு. அதில் பேச்சில்லை.

எர்த் கம்பியை மண்ணில் இறக்க எர்த் குழி தோண்டலாம் என்றால் அங்கே மண் எங்கே இருக்கிறது? சுவரோடு சுவர், நடுவில் சாக்கடை. ஒயர்லெஸ் வைக்கலாம் என்றான் என் பையன். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018 முதல் உரிமம் வேண்டாம், உண்மைதான். ஆனால் நடு வீட்டுக்காரர் தை மாதத்தில் மேலே ஒரு மாடி எழுப்பப்போகிறார். கடைசியில் ஃபைபர். கண்ணாடி இழைக்கு மின்சாரமும் தெரியாது, இடியும் தெரியாது. இதிலும் ஒரு வேடிக்கை கேள். கேபிள் டி.வி. பையனிடம் ஒயர் வாங்கினால், தாங்குவதற்கு ஓரத்தில் ஒரு எஃகுக் கம்பியோடு கொடுக்கிறான்! இடியைக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவதுதான் அது. உலோகமே இல்லாத கேபிளுக்கு இரண்டு நாள் அலைந்தேன்.

கடையில் பேச்சை நெட்வொர்க்கில் அனுப்பும் புதிய ஐ.பி. பெட்டி, இரண்டு பக்கமும் ஒளியையும் மின்சாரத்தையும் மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வர்ட்டர், அச்சகத்தில் நான்கு போன் சொருகும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு 90 கிலோபிட் கூட வேண்டாம். நான்கு பேரும் ஒன்றாகப் பேசினாலும் அந்த ஃபைபருக்கு அது தூசி. குறை ஒன்றுதான். பழைய போன் கடையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இப்போது அச்சகத்தில் கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் செலவில். மின்சார லைன் வழியாக வரும் இடிக்கு ஃபைபர் மருந்தில்லை என்பதையும் இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிட்டேன்.

சரி, சொல்லவந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் அண்ணா சாலை வேலையில், கொட்டேஷனிலிருந்து எர்த் குழியை அடித்தது நான்தான். கரியும் உப்பும் கொட்டுவதற்கு இவ்வளவு பணமா என்று நான் கேட்டது, நீ மீட்டரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனது, அடுத்த வருஷம் கும்பகோணத்துக்கே போனது, எல்லாவற்றையும் அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நினைத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் ஊருக்குப் போவதாக நீ சொன்னாய். நான் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். அன்று நீ சொன்னது சரி மணி.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் அந்தக் கைச்சுழற்று எர்த் மெக்கரும் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. திருவான்மியூரில் ஒரு மருத்துவமனை வேலை வந்திருக்கிறது: இரண்டு கட்டடம், நடுவில் தோட்டம், நிறைய மண். கொட்டேஷனில் முதல் வரியே எர்த் குழி, இரண்டு. மெக்கரைச் சுற்ற ஒருவன், முளைகளை ஊன்ற ஒருவன் வேண்டும். எட்டத்தில் ஊன்ற வேண்டிய முளையை என் பையன் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றுகிறான். பொங்கல் முடிந்த வாரம் ஆரம்பம். டிக்கெட் போட்டதும் சொல், எழும்பூருக்கு வருகிறேன்.

உன்,
சேகர்

பி.கு.: எர்ரபாலு செட்டித் தெருக் கதையை என் பையனிடமும் ஆரம்பித்துவிடாதே. அவனுக்கு நான் ஏற்கெனவே நாலு தடவை சொல்லியாகிவிட்டது.