சேகருக்கு, மாவுக்கட்டு விஷயமாக
டேய் சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று நீளமாக எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நலம், மணி இன்னும் அந்தப் பணத்தைத் தரவில்லை, செய்தி முடிந்தது.

போன வாரம் 11 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், வாலிபால் ஆடுகிறவள். எகிறி இறங்கும்போது இன்னொருத்தியின் பாதத்தில் மிதித்துக் கணுக்கால் பிரண்டுவிட்டது. வெளிப்பக்கம் நல்ல வீக்கம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? பிள்ளைகளுக்கு எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரைவிட, எலும்பு நுனிக்கு அருகே அது வளரும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித்தட்டுதான் பலவீனம், எக்ஸ்ரே சுத்தமாக இருந்து ஃபிபுலாவில், அதாவது கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பில், அந்தத் தட்டு இருக்கும் இடத்தில் வலித்தால் தட்டில் முறிவு என்றே வைத்துக்கொண்டு மாவுக்கட்டுப் போடு. நானும் வருஷக்கணக்காகப் போட்டேன். 2016-இல் வெளியான அந்தக் கனடா ஆய்வை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இதே மாதிரி 135 பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் 4 பேருக்குத்தான் தட்டில் முறிவு, 108 பேருக்குத் தசைநார்க் காயம். நான் கட்டுப்போட்டு உட்காரவைத்த பிள்ளைகளின் முகமெல்லாம் ராத்திரி வரிசையாக வந்தது, விளையாட்டாகச் சொல்லவில்லை.

சரி, "அல்ட்ராசவுண்ட் ப்ரோபை வைத்துப் பாருடா" என்று நீ பத்து வருஷமாகக் கத்தியதை இந்தப் பெண் விஷயத்தில்தான் கேட்டு நடந்தேன். வைத்தவுடன் முன்பக்கத் தசைநார் நடுவில் கறுப்பாக, அறுந்தே போனதுபோலத் தெரிந்தது. அவள் அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் ப்ரோபைக் கொஞ்சம் நிமிர்த்தினால் நார்நாராக வெள்ளைக் கோடுகள் திரும்பி வருகின்றன! சாய்த்துப் பிடித்தால் நல்ல நாரும் கறுக்கும் என்று நீ சொன்னபோது நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். குதிகாலைப் பிடித்து மெல்ல முன்னே இழுத்தபடி பார்த்தேன், இடைவெளி விழவில்லை. தடித்து வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வளர்ச்சித்தட்டின் இடைவெளியைப் பார்த்தும் ஒரு நிமிடம் பதறினேன், மற்றக் காலிலும் அச்சாக அப்படியே இருந்தது. கட்டுப்போடாமல் கணுக்கால் பட்டை மாட்டி அனுப்பினேன்.

அவளுடைய கோச்தான் இப்போது தலைவலி. "ஸ்கேன் கிளியர்தானே, சனிக்கிழமை இறக்கலாமா" என்கிறார். எலும்புக்குள் அடிபட்டிருந்தாலோ கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் டேலஸ் எலும்பின் குருத்தெலும்பில் காயம் இருந்தாலோ இந்த ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது, அதுவும் என்னைப் போன்ற கத்துக்குட்டியின் கையில். ஒற்றைக் காலில் வலியில்லாமல் துள்ளட்டும், பிறகு பேசலாம் என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு சந்தேகம். ஃபிபுலா நுனியில் நார் ஒட்டும் இடத்தில் குட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, மற்றக் காலில் இல்லை. குருத்தெலும்போடு பிய்ந்து வந்த துணுக்கா, இல்லை பிறவியிலேயே தனியாக இருக்கும் எலும்பா? வீடியோவை அனுப்பியிருக்கிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சொல். செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி வருகிறாள்.

உன்,
ரவி