மிளகாய் விதைக்குப் பொறுமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் விதைத்தவர்கள் பலர், ஒரு வாரம் கழித்தும் பச்சை தெரியவில்லை என்று தொட்டியையே கவிழ்த்துவிடுவதைக் கண்டு வருந்தியே இதை எழுதுகிறேன். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சாதாரண மிளகாய் 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். ஹபனேரோ போன்ற கடுங்கார வகைகளுக்கோ 3, 4 வாரங்கள்கூட ஆகலாம்.

முளைத்த பின் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியன்று, நாம் அளவின்றி ஊற்றும் நீர்தான். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, மறுநாள் காலையில் மண்ணை ஒட்டிய தண்டு நூல்போல் சுருங்கிப் பழுப்பேறிச் சாய்ந்து கிடந்தால், அது நாற்றழுகல் நோய். என் முதல் தட்டு நாற்றுகள் முழுவதும் இப்படித்தான் போயின. மேல்மண் காய்ந்த பிறகே நீர் தெளித்து, நல்ல காற்றோட்டமும் கொடுத்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

இன்னொன்று, இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகப் பழத்திலிருந்து எடுத்த விதை, தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாட்டு ரகமானாலும், அருகில் வேறு மிளகாய் இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், விதைக்கென ஒரு கிளையின் மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் பிஞ்சு பிடிக்கும் வரை மூடி வைக்க வேண்டும். இவற்றைத் தோட்டப் பகுதியில் படங்களுடன் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்